வீசாத வெள்ளைத் துணி

பறவைக்கும் மீனுக்கும் நம்முடைய பேச்சு வாய்த்திருந்த காலம் அது. அப்போது தாழைமடை என்றொரு நகரம் இருந்தது. பெரிய பட்டணம் என்று பீற்றிக்கொள்ள முடியாது. கிராமம் என்று யாராவது சொன்னாலோ சண்டைக்கு வந்துவிடுவார்கள். கிழக்கே கடைத்தெரு, வடக்கே தறிக்காரர்கள், தெற்கே குயவர் சூளை. எந்தத் தெருவில் நடந்தாலும் கடைசியில் ஏரியில்தான் போய் நிற்க வேண்டும். எல்லா வீட்டு வாசலும் ஏரியைப் பார்த்தே இருந்தது. காலையில் கதவைத் திறந்ததும் தண்ணீரில்தான் விழிக்க வேண்டும் என்பது அந்த ஊர்க்காரர்களின் பிடிவாதம்.

கோடையில் ஏரி முழங்கால் அளவுக்கு வற்றியதும் மீன்பிடி நடக்கும். அதற்கு ஒரு முறை உண்டு. மடைக்கல் மேல் ஏறி வெள்ளைத் துணியை வீசும்வரை ஒருவரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. துணி அசைந்ததும் ஊரே மீன்மேல் கவிழ்த்துப் பிடிக்கும் அடியில்லாத மூங்கில் கூடைகளோடு ஒரே ஓட்டமாக இறங்கும். துணி வீசுவது சிலம்பாயி வீட்டுப் பொறுப்பு. புருஷன் செத்த பிறகு அவளே வீசினாள்.

மூன்று வருடம் மழை பொய்த்தது. காடு கழனி எல்லாம் காய்ந்து ஏரியின் நடுவில் ஒரு மடு மட்டும் மிஞ்சியது. மொத்த மீனும் அதற்குள் ஒடுங்கிக் கிடந்தது. மூத்த விரால் ஒருநாள் தலையை நீட்டிச் சிலம்பாயியிடம் கெஞ்சியது.

"தாயி, கொஞ்சம் பொறுங்க. எங்க குஞ்சுக இன்னும் செவப்பு மாறல. கறுத்துட்டா சேத்துக்குள்ள பொதைஞ்சு எப்படியோ பொழைச்சுக்கும். அதுக்கப்புறம் எங்கள அள்ளிக்கங்க. இப்ப எறங்கினா இந்த ஏரியில வித்தே இருக்காது."

சிலம்பாயி சரி என்றாள். அந்தக் காலத்தில் கொக்கு மீனைத் தொடாது; அதையே மடுவுக்குக் காவல் வைத்தாள். குஞ்சுகள் கறுத்த அன்று அது வெள்ளை இறக்கையை விரிக்காமல் நடந்து வந்து சொல்ல வேண்டும் என்று பேச்சு.

இருபது நாள் போயிற்று. ஊர் சனம் கூடையும் கையுமாகக் கரையிலேயே கிடந்தது. "ஒன் ஒருத்தி பிடிவாதத்துக்கு ஊரே சாகணுமா?" என்று தறிக்காரர் சொக்கப்பன் தினமும் கத்தினார். சிலம்பாயியின் மகள் மருதாயிக்கு மூன்று வயது. பசியில் அழுதுகொண்டே இருந்தவள், கடைசியில் அழுவதையும் விட்டுவிட்டாள். அப்படியும் சிலம்பாயி இடுப்பில் செருகிய துணியை எடுக்கவில்லை.

மறுநாள் உச்சிவேளையில் மேற்கே ஒரு கருமேகம் எழும்பியது. முதலில் பார்த்தது கொக்குதான். பாவம், சந்தோஷத்தில் அதற்குத் தலைகால் புரியவில்லை. "மழை! மழை!" என்று கூவிக்கொண்டே பறந்து போய் மடைக்கல் மேல் நின்று, வெள்ளை இறக்கை இரண்டையும் விரித்து அடித்தது.

பசித்த கண்ணுக்கு வெள்ளை மட்டும்தான் தெரிந்தது. "வீசியாச்சு!" என்று யாரோ அலறினார்கள். ஊரே இறங்கிவிட்டது.

சிலம்பாயிக்குத் தெரியும், அது கொக்கு. துணி அவள் இடுப்பில்தானே இருக்கிறது? "நான் வீசல, நில்லுங்கய்யா!" என்று ஒரு தடவை கத்தினாள்; கூச்சலில் ஒருவர் காதிலும் விழவில்லை. மறுபடி கத்த வாயெடுத்தவள் மகளைப் பார்த்தாள். ஊரே அள்ளித் தின்னும்போது என் பிள்ளை மட்டும் பட்டினி கிடக்கணுமா என்று நினைத்தாள். கூடையைத் தூக்கிக்கொண்டு அவளும் ஓடினாள்.

மூத்த விரால் அவள் கூடையில்தான் சிக்கியது. "தாயி, துணி வீசிட்டீங்களா?" என்று கேட்டது. அவள் கூடைக்குள் கையை விட்டு அதை எடுத்தாள். சேற்றில் வைத்த அடியெல்லாம் சிவப்புக் குஞ்சுகள் நசுங்கின.

குழம்பு கொதிக்கும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. மருதாயிக்கு விழுங்கத் தெம்பில்லை. வாயில் வைத்த மீன் வாயிலேயே இருக்க, அன்று பொழுது சாய்வதற்குள் அவள் போய்விட்டாள். நான்காம் நாள் ஏரி தளும்ப நிறைந்தது. அவ்வளவு தண்ணீரில் ஒரு மீன் இல்லை.

"மீனும் போச்சு, புள்ளையும் போச்சு, எல்லாம் ஒன்னாலதான்!" என்று ஊரே கொக்கைக் கல்லால் அடித்தது. அது ரத்தம் வடியச் சிலம்பாயியிடம் வந்து நின்றது.

"அக்கா, நான்தான் எல்லாத்தையும் கெடுத்தேனா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊரே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆமா," என்றாள் சிலம்பாயி.

கொக்கு அதற்குப் பிறகு பேசவில்லை. இறக்கையை ஒடுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்து போய் நின்றது. அந்த வெறும் ஏரியில் விழிக்க மாட்டாமல் ஊர்க்காரர்கள் வீடு வீடாக ஏரிப்பக்கத்து வாசலை அடைத்து, கிழக்கே வாசல் வைத்தார்கள். இன்றைக்கும் அந்த நகரம் ஏரிக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருக்கிறது. முதலில் வாசலை அடைத்தவள் சிலம்பாயி. அது துணியில்லை என்று தெரிந்தேதான் இறங்கினாள் என்ற உண்மையை அவள் சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை.

கொக்கு மீனுக்காகக் காத்து நிற்கிறது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அப்படியில்லை. தன் இறக்கை அசைந்தால் இன்னும் ஒரு பிள்ளை சாகும் என்று நம்பித்தான், அன்று தொட்டு இன்றுவரை அது தண்ணீரில் அசையாமல் நிற்கிறது.