மூன்று படங்களில் இருட்டுப் படம்

"ஏனுங்க டீச்சர், இந்த இருட்டுப் படம் எதுக்குங்க? அழிச்சுப்போடட்டுமுங்களா?"

கேட்டவர் நாச்சிமுத்து. வயது ஐம்பத்தாறு. கையில் இரவல் கேமரா. படமெடுக்கக் கற்றுக்கொடுத்த பர்வீனுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும்.

"அழிக்காதீங்கண்ணா."

"ஒண்ணுமே தெரியலீங்களே."

"மூணு எடுக்கணும். இருட்டா ஒண்ணு, நடுத்தரமா ஒண்ணு, வெளிச்சமா ஒண்ணு. ஸ்டாண்டு அசையக் கூடாது. அப்புறம் கம்ப்யூட்டர்ல ஒண்ணாச் சேர்த்துக்கலாம்."

அவருக்குப் பாதிதான் புரிந்தது. புரியும்வரை கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. திங்கட்கிழமை கிடங்கை இடிக்கப்போகிறார்கள்.

கழிவுப் பஞ்சுக் கிடங்கு அது. போன மாதம் தீப்பிடித்தது. உள்ளே வேலை செய்த நான்கு பெண்களும் இறந்துபோனார்கள். அதில் ஒருத்தி பாவாத்தாள், நாச்சிமுத்துவின் மனைவி.

விசாரணை அறிக்கையில் ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். கரிந்த அறை, எதிரே வெள்ளை வெளேரென்று ஒரு ஜன்னல். 'ஜன்னல் திறந்திருந்தும் வெளியேற முயலவில்லை' என்று கீழே எழுதியிருந்தது. எழுதிய கை நன்றாக இருக்கட்டும்.

"அறையும் தெரியணும், ஜன்னலும் தெரியணும். அப்படி ஒரு படம் இருந்தாக் கொண்டாங்க, ஆட்சேபணை போடலாம்" என்றார் வக்கீல்.

ஞாயிறு காலை நாச்சிமுத்து கிடங்கு வாசலில் ஸ்டாண்டை ஊன்றினார். கட்டியிருந்த கயிற்றைத் தாண்டக் கூடாது என்றார் காவலாளி. எதிர்வெயிலில் கண் கூசியது. ஜன்னல் பக்கம் பார்க்கவே முடியவில்லை.

அவர் பார்த்ததெல்லாம் இடது மூலையைத்தான். தான் உட்கார்ந்து பஞ்சு பிரிக்கும் இடம் அது என்று பாவாத்தாள் சொல்லியிருக்கிறாள். அங்கே சோறு கொண்டுபோகும் தூக்குப்போசி ஒன்று நசுங்கிக் கிடந்தது.

டைமரை அமுக்கிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். மூன்று முறை க்ளிக் என்றது.

பர்வீன் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். வெளிச்சப் படம் வந்ததும் அவர் மூலையைத் தொட்டுக் காட்டினார்.

"இங்கதானுங்க. புகையில மயங்கி உக்காந்த எடத்துலயே போயிருப்பாங்க, ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுன்னு டாக்டர் சொன்னாருங்க. அதுதான் எனக்கு ஒரே ஆறுதல்."

பர்வீன் இருட்டுப் படத்தைத் திறந்தாள். திரை முழுக்கக் கறுப்பு, நடுவில் வெயில் கூசாமல் ஜன்னல் மட்டும். அதைப் பெரிதாக்கினாள்.

அறிக்கைப் படத்தில் வெள்ளையாக இருந்த இடத்தில் கம்பிகள் இருந்தன. நெருக்கமாக, குறுக்கும் நெடுக்கும் வெல்டிங் வைத்த கம்பிகள்.

இன்னும் பெரிதாக்கினாள்.

ஒரு கம்பியின் வெளிப்பக்கம் துணி ஒன்று தொங்கியது. கையை வெளியே நீட்டி முடிச்சுப்போட்ட முந்தானைக் கிழிசல். அதன் நுனி கருகாமல் இருந்தது. வெந்தய நிறம், பச்சைக் கரை.

நாச்சிமுத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். போன தீபாவளிக்கு அவர் எடுத்துக்கொடுத்த சேலை.

"ஜன்னல் வரைக்கும் வந்திருக்கா" என்றார். "யாராச்சும் பாப்பாங்கன்னு கட்டியிருக்கா."

பர்வீன் தலையசைத்தாள்.

அவள் மவுஸை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"இருட்டுப் படம் எதுக்குன்னு கேட்டீங்களேண்ணா. அழிக்கறதுன்னா இப்ப அழிச்சுக்கலாம். உங்களுக்கு டாக்டர் சொன்ன ஆறுதலாச்சும் மிஞ்சும்."

அவர் கை மவுஸின்மேல் போய் நின்றது. எடுத்துவிட்டார்.

"மூணையும் சேருங்க டீச்சர்."