சிப்பி கைமாறிய துறை

“அரசர் இன்றைக்குச் சோற்றைத் தொடவே இல்லையாம்.”

உப்புக்காரி ஒருத்தி போகிற போக்கில் யாரிடமோ சொன்ன சொல் அது. பேரப் பந்தலின் ஓரம் நின்ற வேம்பியின் காதில் விழுந்தது. அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் பந்தலில் கற்பூரக் கப்பலின் விலை சரிந்துவிட்டது.

கேளுங்கள். இன்றைய கரையைக் கடல் இன்னும் தொடாத காலம் அது. நெய்தலூர்த் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. கப்பலைத் தனி ஒருவர் அனுப்புவதில்லை. பலர் சேர்ந்து பொருள் போடுவார்கள். பங்குக்கு அடையாளமாக ஆளுக்கொரு சிப்பி. சிப்பி வைத்திருப்பவர்கள் முறை போட்டுக்கொண்டு, கப்பல் திரும்பும்வரை பாறை முனையில் விளக்கேற்ற வேண்டும். சிப்பியைப் பேரப் பந்தலில் அன்றைய விலைக்கு விற்கலாம்; விற்றால் முறையும் வாங்கியவரைச் சேரும்.

வேம்பி கணவனை இழந்தவள். தறியை விற்றுக் கிடைத்ததையெல்லாம் ஒரே சிப்பியில் போட்டிருந்தாள். கற்பூரம் ஏற்றிவரத் தீவுக்கு அந்தக் கப்பலை ஓட்டிப் போனவன் அவளுடைய ஒரே தம்பி கீரன்.

அந்த ஆண்டு நம் அரசருக்கும் கற்பூரத் தீவின் அரசருக்கும் மனத்தாங்கல். முதல் முறை முரசு அறைந்தார்கள்: தீவுச் சரக்குக்குச் சுங்கம் இரட்டிப்பு. பலரும் சிப்பியை விற்றார்கள். இரண்டாம் முறை அறைந்தார்கள்: சுங்கமே கிடையாது. விற்றவர்களே திரும்ப வாங்கினார்கள். மூன்றாம் முறை முரசு அறையவே இல்லை. அந்த மௌனத்துக்கும் ஒரு பொருள் சொல்லிக்கொண்டு மறுபடி விற்றார்கள்.

நாளடைவில் ஊராரின் கழுத்துகள் அரண்மனைப் பக்கமே திரும்பி நின்றுவிட்டன. உண்ணும்போதும் அப்படி, உறங்கும்போதும் அப்படி. வேம்பியின் முகம் தவிர, கடலைப் பார்த்த முகம் ஒன்றுகூட இல்லை.

ஒரு மாலை மூடுபனி இறங்கியது. அதற்குள்ளிருந்து ஒரு சங்கு ஒலித்தது. நீண்டு வந்து, முடிவில் விக்கினாற்போல் அறுந்தது. கீரன் சிறுவயதிலிருந்தே அப்படித்தான் ஊதுவான். பாறை முனையோ இருண்டு கிடந்தது.

வேம்பி பந்தலுக்குள் ஓடி, இன்று யார் முறை என்று கேட்டாள். ஒருவன் காலையிலேயே விற்றுவிட்டானாம். அவனிடம் வாங்கியவன் மதியமே கைமாற்றிவிட்டானாம். அதை வாங்கியவனோ, சற்று நேரத்தில் விற்கப்போகிறவனுக்கு முறை ஏது என்றான். பேசியவர் யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

“அது சங்கு இல்லை அக்கா, காற்று” என்றான் தரகன் சாத்தன். “பேசாமல் உன் சிப்பியையும் கொடுத்துவிடு. அரசர் கனைத்தாராம். இன்னும் கொஞ்சம் போனால் மீன்காரிகூட வாங்கமாட்டாள்.”

அவள் கை சிப்பியை நீட்டியது. அவளையும் அறியாமல் கழுத்து மெல்ல மெல்ல அரண்மனைப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

சங்கு மறுபடி ஒலித்தது. இப்போது பாறைக்கு வெகு அருகில்.

வேம்பி இரு கைகளாலும் தன் தலையைப் பிடித்துக் கடல் பக்கம் திருப்பினாள். எலும்பு நெரிந்தது. பக்கத்திலேயே இருந்த பாறை முனைக்கு ஓடினாள். விளக்கில் எண்ணெய் வற்றி, திரி இருந்த குழியில் ஒரு நண்டு குடியிருந்தது.

அரசரின் முகக்குறிப்பையே பார்த்து வாங்கி விற்பவர், தம் பொருள் ஏறிய கப்பலைக் காக்க மறந்துபோவார் என்பதே இக்கதை சொல்லும் நீதி.

வேம்பி பந்தலுக்குத் திரும்பினாள். உள்ளே இருந்தவர்களை ஒவ்வொருவராகத் தோளைப் பிடித்து வெளியே தள்ளினாள். பிறகு பந்தல் ஓரத்து அடுப்பிலிருந்து எரிகிற கொள்ளி ஒன்றை உருவி, சங்கு வந்த திசையைப் பார்த்தபடி பந்தலின் ஓலைக் கூரையில் வைத்தாள்.