பின்கண்ணாடியில் சாமி

கோதண்டத்துக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. காலமெல்லாம் அரசு பஸ் ஓட்டி, ஓய்வு பெற்ற கையோடு மடத்தில் சேர்ந்து, இப்போது சாமியின் காரை ஓட்டுகிறார். சாமிக்கு அவர் மகன் வயதுதான் இருக்கும். அதில் கோதண்டத்துக்கு ஒரு குறையும் இல்லை. குறை வேறு. அவருக்குப் பிறகு வந்து சேர்ந்தவர்களெல்லாம் சாமியிடம் மந்திர உபதேசம் வாங்கிவிட்டார்கள். அவருக்கு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.

அன்று கொல்லிமலைக்குப் புறப்படும்போது வாய்விட்டே கேட்டுவிட்டார்.

"எனக்கு எப்போ சாமி?"

"மேல போற வரைக்கும் கவனம் சிதறாம ஓட்டுங்க ஐயா. போய்ப் பேசுவோம்."

இவ்வளவுதானா என்றிருந்தது கோதண்டத்துக்கு. போனை அணைத்துப் பைக்குள் போட்டார். பாட்டை நிறுத்தினார். வழியில் கோயில் வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாரே, அதுகூட இன்றைக்குக் கிடையாது என்று முடிவு கட்டினார். கடைசியாக, தலைக்கு மேலிருந்த கண்ணாடியைச் சற்றே கீழே சாய்த்தார். பின் சீட்டில் இருந்த சாமியின் முகம் அதில் நிறைந்து நின்றது.

முன்னால் சாலை, மேலே குரு. இனி மனம் எங்கே போய்விடும்?

அடிவாரம் கடந்தது. கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. பின்னால் ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. கோதண்டம் காதில் வாங்கவில்லை. பக்கக் கண்ணாடியில் கண்ணை ஓட்டவும் இல்லை. ஹாரன் விடுவதாக இல்லை. சோதனை ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு சாமியின் முகத்தைப் பார்த்தார்.

சாலையில் ஒரு பள்ளம். வண்டியை வலப்பக்கம் ஒடித்தார்.

கண்ணாடியில் இருந்த முகம் சட்டென்று பின்னால் திரும்பியது. அதற்குப் பிறகுதான் அந்தக் கிறீச் சத்தம் கோதண்டத்துக்கு உறைத்தது.

இறங்கி ஓடினார். தடுப்புச் சுவரை ஒட்டி ஒரு ஸ்கூட்டர் சாய்ந்து கிடந்தது. ஒரு இளைஞன் அதைத் தூக்கிக்கொண்டிருந்தான். அவன் மனைவி, அழுகிற குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவள் முழங்கையில் சிராய்ப்பு.

"பெரியவரே, கண்ணாடி எதுக்கு வச்சிருக்கீங்க? தலை வாரவா?" என்றான் அவன்.

"கீழேர்ந்து இவரு ஹாரன் அடிச்சிட்டே வர்றாரு" என்றாள் அவள். "காது கேக்காதுன்னா வண்டிக்குப் பின்னால எழுதிப் போடுங்க."

"ஒண்ணும் ஆகலையேம்மா?"

"இன்னும் ஒரு சாண் ஒடிச்சிருந்தா ஆகியிருக்கும்."

சாமி தண்ணீர் கொண்டுவந்து அந்த முழங்கையைக் கழுவிவிட்டார். பிறகு கேட்டார்.

"ஐயா, பஸ் ஓட்டினப்போ பின்னால ஹாரன் கேட்டா என்ன பண்ணுவீங்க?"

"பாத்து வழி விடுவேன் சாமி."

"இன்னைக்கு?"

"கவனம் சிதறிடக் கூடாதுன்னு..." கோதண்டம் காருக்குள் சாய்ந்திருந்த கண்ணாடியைக் காட்டினார். "உங்க முகத்தைத் தவிர வேற எதையும் பாக்கல சாமி."

சாமி காரின் பின்கதவைத் திறந்து தாயையும் குழந்தையையும் உட்கார வைத்தார். அவளுடைய ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் இளைஞனுக்குப் பின்னால் ஏறினார்.

"நீங்க முன்னால போங்க. நாங்க பின்னாலயே வர்றோம்."

"சாமி, நீங்க போய் ஸ்கூட்டர்ல..."

"தம்பி நல்லாத்தான் ஓட்டுறாரு. கிளம்புங்க."

கோதண்டம் காரை எடுத்தார். கண்ணாடியில் குழந்தை கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டிருந்தது. சாமி எங்கே? கை தானாக மேலே போய்க் கண்ணாடியை நிமிர்த்தியது. சாலை தெரிந்தது. சாலையில் ஸ்கூட்டர் தெரிந்தது. அதற்குப் பின்னால் ஒரு பால் வேன். அதற்கும் பின்னால், கீழ் வளைவில், ஒரு பஸ்.

இடப்பக்கம் ஒதுங்கி வேனுக்கு வழி விட்டார். பஸ்ஸுக்கும் விட்டார். எதிரே லாரி இறங்கியபோது ஓரங்கட்டி நின்று, ஸ்கூட்டரும் நின்றுவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

"இப்ப மட்டும் எப்படி இவ்வளவு நல்லா ஓட்டுறீங்க?" என்றாள் பின்னாலிருந்தவள்.

மலை உச்சியில் சாமி இறங்கி ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்தார். குழந்தைக்குக் கையசைத்து அவர்களை அனுப்பிவைத்தார். கோதண்டம் நெருங்கி வந்தார்.

"அந்த இடத்துலேர்ந்து இங்க வர்ற வரைக்கும் உங்களைத் தவற விடல சாமி."

"என்னை மட்டுமா பாத்தீங்க?"

"இல்ல சாமி. வேன், பஸ், லாரி... எல்லாமேதான் கண்ணுல பட்டுது." கொஞ்சம் தயங்கினார். "அப்போ, உபதேசம்?"

சாமி வேட்டியில் ஒட்டியிருந்த புழுதியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"கண்ணாடி இப்படியே நிமிந்து இருக்குமா, இல்ல, திரும்பும்போதும் நான் ஸ்கூட்டர்லதான் வரணுமா ஐயா?"