குறையில்லாத அப்பா அம்மா தேவை

ஏழுமதில் பட்டணத்து ராஜா வரகுணராயருக்கு ஒரு வியாதி. எதுலயும் குறையே இருக்கக் கூடாது. இலையில விழற இட்லி எல்லாம் ஒரே உசரத்துல இருக்கணும். அரண்மனை யானைங்ககூட ஒண்ணாக் காதாட்டணும். அதுலயே யானைப்பாகன் பாதியா இளைச்சுட்டான்.

அப்பேர்ப்பட்டவர் புது அரண்மனை கட்டினாரு. கிரகப்பிரவேசத்துக்கு அக்கம்பக்கத்து ராஜாக்கள் எல்லாம் வர்றாங்க. உள்ளே போற முன்னாடி பெத்தவங்களை மணையில உக்கார வெச்சு பாதபூஜை பண்ணணுமே, அங்கதான் சிக்கல். அப்பா பெரியராஜா, உக்காந்தா குறட்டை. அம்மாவோ, சபைன்னும் பார்க்காம ராஜாவை "டேய் உருண்டை"ம்பாங்க.

மந்திரி அனந்தநாதர் வழி சொன்னாரு. அவரு கட்டைப் பிரம்மச்சாரி. ஆனா புள்ளை வளர்க்கிறது எப்படின்னு யாரும் கேக்காமலே பொழுது சாயற வரைக்கும் பேசுவாரு.

"பெரியவங்களைக் காசிக்கு அனுப்பிடுவோம் மகாராஜா. மணையில லட்சணமா வேற ஜோடி. வர்றவங்களுக்கு அடையாளமா தெரியப்போகுது?"

ராஜா கூத்தன் பக்கம் திரும்பினாரு. சபையில சிரிக்க வைக்கிறதுதான் கூத்தன் உத்தியோகம்.

"கூத்தா, குறையே இல்லாத அப்பா அம்மா நாளைக்கு ஒத்திகைக்கு வரணும். இல்லேன்னா காசி வரைக்கும் நீதான் பல்லக்குத் தூக்கணும்."

கூத்தனுக்கு அன்னைக்குச் சோறு இறங்கலை. பல்லக்கை நினைச்சு இல்லை. மூட்டை கட்டிக்கிட்டே ராஜமாதா கிழவரைக் கேட்டது அவன் காதுல விழுந்திருந்துச்சு: "நாம போயிட்டா உருண்டைக்கு எண்ணெய் தேய்ச்சு விடறது யாரு?"

மறுநாள் கூத்துக் கொட்டகையிலேருந்து ஒரு ஜோடியைக் கூட்டிட்டு வந்தான். நடை, பார்வை, சிரிப்பு, எல்லாம் அளந்து வெச்ச மாதிரி. ராஜா சொக்கிப் போயிட்டாரு. சொல்லிட்டுக் கிளம்பலாம்னு வந்த பெத்தவங்க ரெண்டு பேரும் தூணோரமா நின்னாங்க. பெரியராஜா நின்னுக்கிட்டே தூங்கினாரு.

ராஜா செம்புத் தண்ணியோட குனிஞ்சாரு. புது அப்பா காலை வெடுக்குன்னு இழுத்துக்கிட்டாரு.

"இருங்க, இருங்க. யாரு புள்ளை?"

"நான்தான்."

புது அம்மா மேலேயும் கீழேயும் பார்த்தாங்க. "இதுவா? இடது காது கோணலா இருக்கே. எங்க லட்சணத்துக்கு இப்படி ஒண்ணு பொறக்குமா? கூத்தா, வேற நல்லதாக் காட்டுப்பா."

"தொப்பை இல்லாததா"ன்னாரு புது அப்பா.

ராஜாவோட கை தானா காதுக்குப் போச்சு.

அதுக்குள்ள தூணோரத்துலேருந்து ராஜமாதா பாஞ்சு வந்தாங்க. "யாருடி அவ, என் உருண்டையைக் கோணல்ங்கறது? உன் கண்ணு கோணல். உன் கொண்டை கோணல்."

சத்தத்துல பெரியராஜா முழிச்சுக்கிட்டாரு. "என்ன, காதா? அது நான் திருகினது. ஏழாம் வாய்ப்பாட்டைத் தப்பாச் சொன்னான். அப்புறம் பார்த்தா, அவன் சொன்னதுதான் சரி."

"இத்தனை வருஷமா ஏன்ப்பா சொல்லலை?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ ராஜா ஆயிட்டே. பயமா இருந்துச்சுடா."

ராஜா அந்த ஜோடியை எழுப்பிட்டு, மணையைத் தானே துடைச்சு, பெத்தவங்களை உக்கார வெச்சாரு. தண்ணி ஊத்தறதுக்குள்ள குறட்டை ஆரம்பிச்சுடுச்சு. ராஜா சிரிச்ச சிரிப்புல செம்புத் தண்ணி பாதி தரையில.

"மந்திரி, பல்லக்கு தயாரா நிக்குது. காசிக்கு நீர் போயிட்டு வாரும். கூத்தா, இந்தா முத்துமாலை."

மந்திரி விடலை. "சரியாத் தேடலை மகாராஜா. குறையே இல்லாத பெத்தவங்க எங்கேயாவது இருப்பாங்க."

"இருக்காங்களாடா கூத்தா?"

கூத்தன் மாலையைக் கழுத்துல சரி பண்ணிக்கிட்டான். "ஏன் இல்லாம மகாராஜா? நம்ம மந்திரியே இருக்காரே. இன்னும் புள்ளை மட்டும்தான் பொறக்கலை."