இட்டரேட்டர் பின்வாயைத் தைத்துக்கொண்டது

கணினிக்குள் இருந்ததெல்லாம் வாய் திறந்து பேசிய காலம் ஒன்று இருந்தது. லிஸ்ட் பேசும், லூப் பேசும், யாரும் கேட்காமலே பிழைச்செய்தி பேசும். அது ஒன்று மட்டும் இன்றைக்கும் வாயை மூடியபாடில்லை, போகட்டும்.

அந்தக் காலத்தில் இட்டரேட்டருக்கு இரண்டு வாய். வரிசையில் இருப்பவற்றை ஒவ்வொன்றாகத் தாண்டிப் போய், தாண்டியதைச் சொல்வது அதன் வேலை. "அடுத்தது" என்று கேட்டால் முன்வாய் சொல்லும். "முந்தையது" என்று கேட்டால் பின்வாய் சொல்லும். ஆனால் எதன்மேலும் அது கால் வைக்காது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் நிற்கும். மிதித்தால் மரியாதை இல்லையாம்! அந்தப் பாழாய்ப்போன மரியாதைதான் ஒரு வீட்டையே இருட்டாக்கியது.

கடற்கரை ஊர் ஒன்றில் பிரிஜித் என்று ஒருத்தி இருந்தாள். படகுகளிலிருந்து வயர்லெஸ்ஸில் வரும் செய்திகளை வரிசையாகச் சேர்த்துவைக்கும் பைதான் புரோகிராம் அவள் எழுதியது. அதில் செய்திகளை எடுத்துச் சொல்வது இட்டரேட்டரின் வேலை. அவளுக்கென்று இருந்தது தம்பி ததேயு ஒருவன்தான். அவன் ஆழ்கடலுக்குப் போகிறவன்.

ஒருநாள் மதியம் காற்று வலுத்தது. ததேயுவின் படகில் எஞ்சின் நின்றுபோனதாகச் சேதி பரவியது. பிரிஜித் சந்தையில் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அவள் வந்து சேர்ந்தபோது இட்டரேட்டர் கடைசிச் செய்தியைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"நங்கூரம் போட்டிருக்கேன் அக்கா. கோபுரம் மலைக்கு இடப்பக்கம் தெரியுது."

அதோடு வயர்லெஸ் அடங்கிவிட்டது.

மாதா கோயில் கோபுரம் பின்னால் உள்ள மலைக்கு எந்தப் பக்கம் தெரிகிறது என்று பார்த்துத்தான் அந்த ஊர்க்காரர்கள் கடலில் இடம் சொல்வார்கள். கணியம் என்று அதற்குப் பெயர். கணியம் மாறவில்லை என்றால் படகு நின்ற இடத்தில் நிற்கிறது. மாறினால் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகிறது.

வள்ளக்காரர் பெர்க்மான்ஸ் தன் ஆட்களோடு வாசலில் நின்றார். "சொல்லு பிள்ளே, இப்பவே வள்ளத்தை இறக்கணுமா, காத்து தணியட்டுமா? இந்த அலையில இறக்கினா எங்க உசுருக்கும் உத்தரவாதம் கிடையாது. ஆனா அவன் இழுபட்டுப் போறான்னா இறக்கித்தான் ஆகணும்."

"ஒரு நிமிஷம் மாமா," என்றாள் பிரிஜித். இட்டரேட்டரிடம் திரும்பினாள். "முந்தையது என்ன?"

இட்டரேட்டர் இடைவெளியில் நின்றபடியே திரும்பியது. திரும்பியதும் எதிர்ப்பட்டதைத் தாண்டியது. பின்வாய் சொன்னது.

"நங்கூரம் போட்டிருக்கேன் அக்கா. கோபுரம் மலைக்கு இடப்பக்கம் தெரியுது."

பிரிஜித்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவன் எப்போதும் சொன்னதையே சொல்கிறவன்தானே! இரண்டு செய்தி, ஒரே கணியம். நங்கூரம் பிடித்துவிட்டது.

"அங்கேயேதான் நிக்கிறான் மாமா. காத்து தணியட்டும், போங்க."

சாயங்காலம் காற்று தணிந்தது. வள்ளங்கள் அந்த இடத்துக்குப் போயின. தண்ணீர்தான் இருந்தது. மறுநாளும் தேடினார்கள். அதற்கு மறுநாளும் தேடினார்கள். கடைசியில் பெர்க்மான்ஸ் கரையேறி, அவள் முகத்தைப் பார்க்காமல் வலையை இழுத்துப் போட்டார்.

பிரிஜித் கணினி முன்னால் வந்து உட்கார்ந்தாள். "அடுத்தது?" என்றாள். முன்வாய் அதே இடப்பக்கத்தைச் சொன்னது. "முந்தையது?" பின்வாயும் அதையே சொன்னது. மறுபடியும், "முந்தையது?" என்றாள்.

"எஞ்சின் நின்னுடுச்சு அக்கா, நங்கூரம் போட்டாச்சு. கோபுரம் மலைக்கு வலப்பக்கம் தெரியுது."

"அடப்பாவி! இதை ஏன் அன்னைக்கே சொல்லலை?"

"நீ ஒரு தடவைதானே கேட்டாய்," என்றது இட்டரேட்டர். "நான் இடைவெளியில் நிற்கிறவன். திரும்பினால் முதலில் எதிர்ப்படுவது, கடைசியாகத் தாண்டியதுதான். அதையே சொன்னேன்."

"அதே செய்திதான்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் அழுததை இட்டரேட்டர் பார்த்துக்கொண்டே நின்றது. பிறகு இரண்டு செய்தியையும் மறுபடி தாண்டிக் கடைசி முனைக்குப் போய், ஊசியும் நூலும் எடுத்துத் தன் பின்வாயைத் தானே தைத்துக்கொண்டது. "இனி யார் கேட்டாலும் நான் திரும்ப மாட்டேன்," என்று முன்வாயால் சொன்னது.

துக்கம் முடிந்ததும் பிரிஜித் அந்த வேலைக்குப் புரோகிராமில் தானே ஒரு கிளாஸ் எழுதினாள். இடைவெளியில் நிற்காமல் செய்தியின் மேலேயே நிற்கும்படி, எத்தனையாவது செய்தி என்று காட்டும் ஓர் இண்டெக்ஸ் வைத்தாள். முன்னே என்றால் முதலில் ஒன்று கூட்டு, பிறகு சொல். பின்னே என்றால் முதலில் ஒன்று குறை, பிறகு சொல். எந்த முனையில் செய்தி தீர்ந்தாலும் நின்றுவிடு. ஓடவிட்டுத் திருப்பிப் பார்த்தாள். ஒரு பிசகும் இல்லை.

"இது அன்னைக்கு இருந்திருந்தா..." என்று பெர்க்மான்ஸ் வாயெடுத்தார்.

"வேண்டாம் மாமா," என்றாள்.

அவர் போன பிறகு பழைய இட்டரேட்டரைக் கூப்பிட்டாள். பதில் தெரிந்தேதான் கேட்டாள். "அடுத்தது?"

"முடிந்தது," என்றது அது.

"அடுத்தது?"

"முடிந்தது."

அன்றைக்குத் தொடங்கியதுதான்: பைதானில் இட்டரேட்டர் முன்னே மட்டும் போகிறது, பின்னே போக வேண்டியவர்கள் தங்களுக்கென்று ஒரு கிளாஸ் எழுதிக்கொள்கிறார்கள், கடைசியைத் தாண்டிவிட்ட இட்டரேட்டரை எத்தனை முறை கேட்டாலும், எப்படிக் கெஞ்சிக் கேட்டாலும், அது அந்த ஒரே பதிலைத்தான் சொல்கிறது.