ஊர்க்கிணற்றில் வெட்டிவேர் வாசம்

முன்னொரு காலத்தில் மருதநாட்டை வீரகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் யாரைப் புகழ்கிறானோ அவரையே மாலையில் திட்டுகிற ராஜா. அவனிடம் ஊர்நலம் பார்க்கும் அதிகாரி ஏகாம்பர நாயகர். நலமெல்லாம் அவர் வீட்டோடு நின்றுவிட்டது. வேலங்காட்டூர்க் கிணற்றுக்குக் கண்காணியாக அவர் போட்டிருந்தது சொந்த மைத்துனனை. அந்த மகானுபாவன் தலைநகரில் வெற்றிலை மென்றபடியே சம்பளம் வாங்கினான். கிணறு வற்றியதுகூட அவனுக்குத் தெரியாது. ஜனங்கள் முறையிட்டால் முறையீடும் அவனிடம்தான் போகும். அதுதான் அந்த நாட்டு வழக்கம்.

அந்த ஊருக்கென்று ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நாயகருக்கு அதன்மேல் ஒரு கண். "ஊர்க்கிணறு நிரம்பிக் கிடக்கிறது பிரபு, கால்வாயை என் தென்னந்தோப்புக்குத் திருப்பினால் வீணாகாது" என்று ராஜாவின் காதில் ஓதினார். ராஜா நேரில் பார்க்கக் கிளம்பினான். கிணறு வற்றியது தெரிந்த மந்திரி செங்கணாரும் கூடவே போனார். கால்வாய் கைவிட்டுப் போனால் அந்த ஊரே காலியாகிவிடும்.

போய்ப் பார்த்தால் கிணறு தளும்பியது. வெறுங்குடங்களோடு வந்த பெண்களைக் காவலர்கள் தூரத்திலேயே மறித்திருந்தார்கள். ராஜா ஒரு வாய் குடித்து அமிர்தம் என்றான். மந்திரியும் குடித்தார். வெட்டிவேர் மணத்தது. ஏலக்காய் வேறு. வண்டி வண்டியாக ஆற்றுநீரைக் கொட்டிய நாயகரின் ஆட்கள், குடிக்கப்போவது ராஜா என்று அரண்மனை வழக்கப்படி வாசனையும் போட்டுத் தொலைத்திருக்கிறார்கள். தூர்வாரத் தெரியாத கூட்டத்துக்கு ஏலக்காய் தட்டிப்போட மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது.

மந்திரி எரிச்சலை விழுங்கிக்கொண்டு கைகூப்பினார்.

"மகாராஜா, ஊருக்கே போதுகிற கிணறு, ஒரு தோப்புக்குத் தாராளம். இதை நாயகருக்கே கொடுத்துவிடுங்கள். கால்வாயை ஊர்க்காரர்கள் வைத்துக்கொள்ளட்டும்."

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. உடனே எடுத்துக்கொள்ளும்படி நாயகரிடம் சொன்னான். நாயகருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"பிரபு, தோப்புக்கு இந்தத் தண்ணீர் போதாதுங்களே."

"இத்தனை ஜனத்துக்குப் போதும், உம்முடைய தென்னைக்குப் போதாதோ?"

மந்திரி பணிவாக இன்னொரு குவளை நீட்டி, மெதுவாக முகர்ந்து பார்க்கச் சொன்னார். ராஜா முகர்ந்தான். அரண்மனைத் தண்ணீரின் அதே வாசனை. தன்னை முட்டாளாக்கியது புரிந்ததும் அவனுக்குக் கண் சிவந்தது. நாயகரின் பதவியும் தோப்பும் அங்கேயே போயின. முத்துமாலை ஒன்று மந்திரியின் கழுத்துக்கு வந்தது. கால்வாய் வந்து சேரும்வரை நாயகரும் மைத்துனனும் அதே வண்டிகளில் ஊருக்குத் தண்ணீர் சுமக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று.

மறுநாள் நாயகர் வியர்க்க விறுவிறுக்கத் தண்ணீர் ஊற்றினார். முதல் குடத்தை நீட்டியவள் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தாள்.

"என்ன சாமி, எங்களுக்கு ஏலக்காய் போடலையா?"