எண்ணெய்க் கிண்டி

கல்யாணச் சமையல்காரர் மாசானமுத்து ஐம்பத்தெட்டாம் வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுத்தவள் நபீசா. அவளுக்கு முப்பத்திரண்டு வயது. ஊரே அவளை டீச்சர் என்றது. அவரும் அப்படியே கூப்பிட்டார்.

கார்மேல் ஆசைப்பட்டுப் படித்த படிப்பு அல்ல அது. அவர் மனைவி செண்பகத்துக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் கல்லிடைக்குறிச்சியிலிருந்து திருநெல்வேலிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். ஊசி ஏறும் இடது கையைப் பஸ் கூட்டத்தில் யாரும் இடித்துவிடாதபடி முந்தானைக்குள் பொத்திக்கொண்டு போவாள். திரும்பும்போது நிற்கத் தெம்பு இருக்காது. ஒருநாள் படிக்கட்டிலேயே சரிந்துவிட்டாள். மறுவாரம் மாசானமுத்து பழைய கார் ஒன்றை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தினார்.

கிளட்சும் கியரும் சீக்கிரமே கைக்கு வந்துவிட்டன. மீட்டரில் எரியும் விளக்குகள்தாம் அவரைக் கலக்கின. ஒவ்வொன்றிலும் ஒரு படம். நபீசா அர்த்தம் சொன்னாள். அவர் தமக்குத் தெரிந்த பாத்திரங்களின் பெயரைப் படங்களுக்கு வைத்துக்கொண்டார்.

"இது என்ன அண்ணாச்சி?"

"மூக்கு நீண்ட எண்ணெய்க் கிண்டி. இஞ்சின்ல ஆயில் பத்தல."

"இது?"

"கொதிக்க பானையில கரண்டி. இஞ்சின் சூடாயிட்டு."

"இது?"

"உருளிச் சட்டி, நடுவுல ஆச்சரியக்குறி. டயர்ல காத்து இறங்கிட்டு."

நபீசா சிரித்துவிட்டாள். "மீட்டருக்குள்ள பந்தியே போட்டுட்டீய. சரி, சிவப்பா எரிஞ்சா?"

"ஓரங்கட்டி அணைச்சிரணும்."

"மஞ்சளா எரிஞ்சா?"

"பைய ஓட்டிட்டுப் போயி மெக்கானிக்கிட்ட காட்டணும்."

"பச்சை?"

"அது நாமளே போட்டது டீச்சர். அதுக்கு ஒண்ணும் செய்யாண்டாம்."

காலையில் பாடம் நபீசாவின் வண்டியில் நடக்கும். சாயங்காலம் தம் வண்டியை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பாலம்வரை அவரே பழகுவார். செண்பகம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

ஒரு சாயங்காலம் பாலத்தின் நடுவில் கிண்டி சிவப்பாக மினுங்கியது. மாசானமுத்து ஸ்டியரிங்கை விட்டுவிட்டுச் செண்பகத்தைப் பார்த்தார். ஓரங்கட்டுவது மறந்துபோய் வண்டியை நட்டநடுவில் நிறுத்திவிட்டார். பின்னால் பஸ்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே நின்றான். ஒருவழியாக வண்டியை உருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

அடுத்த நாள் கிண்டி எரியவில்லை. அதற்கடுத்த நாளும் எரியவில்லை.

"தானா சரியாயிட்டு பாத்தியா," என்றார் செண்பகத்திடம்.

டீச்சரிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் வண்டியைத் தொடக் கூடாது என்பாளோ என்று பயம்.

லைசென்ஸ் வந்தது. வியாழக்கிழமை செண்பகத்தைத் தாமே திருநெல்வேலிக்கு ஓட்டிப்போவதென்று முடிவு செய்தார். புதன்கிழமை காலை நபீசா அவர் வண்டியைப் பார்க்க வந்தாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். நாளைக்கு நீங்க பக்கத்துல இருக்க மாட்டீய. இத்தனை விளக்குல எது எரிஞ்சா நான் ரொம்பப் பயப்படணும்?"

நபீசா வண்டிக் கதவைத் திறந்துவிட்டாள். "ஏறி உக்காருங்க. சாவியைத் திருகுங்க. வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டாம், பாதியில நிறுத்துங்க."

திருகினார். மீட்டர் முழுக்க விளக்குகள் ஒரே நேரத்தில் எரிந்தன. மாசானமுத்து சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"என்ன டீச்சர், எல்லாமே போச்சா?"

"ஒண்ணும் போகல. எல்லா விளக்கும் உயிரோட இருக்குன்னு வண்டி நமக்குக் காட்டுது. ஆளெல்லாம் வந்தாச்சான்னு பாருங்க."

இத்தனை நாளும் அவர் சாவியை ஒரே திருகாகத் திருகி வண்டியைக் கிளப்பியவர். இதைக் கவனித்ததே இல்லை. இப்போது விரல் வைத்துப் பார்த்தார். பானை இருந்தது. சட்டி இருந்தது. பேட்டரிப் பெட்டி இருந்தது. விரல் ஓரிடத்தில் நின்றது.

"கிண்டியக் காணல."

"அந்த எடத்தைத் தடவிப் பாருங்க."

தடவினார். கண்ணாடி மேல் சின்னதாக ஒரு மேடு. நகத்தால் கெல்லினார். கறுப்பு ஒட்டுப்பொட்டு ஒன்று விரலோடு வந்தது. அது இருந்த இடத்தில் கிண்டி சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

பேத்தியின் கன்னத்தில் கண்ணேறுக்கு வைக்கும் பொட்டு. அந்தப் பொட்டு அட்டை செண்பகத்தின் பெட்டியில் இருப்பது அவருக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தார். அவள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏட்டி, நீயா?"

அவள் தலையாட்டினாள்.

நபீசா சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு முன்பக்க மூடியைத் திறந்தாள். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தாள். நுனியில் மட்டும் ஈரம் இருந்தது. குனிந்து பார்த்தால் தரையில் கறுப்பாகச் சொட்டியிருந்தது.

"நாளைக்கு சேரன்மகாதேவி தாண்டியிருக்க மாட்டீய அண்ணாச்சி. நடுரோட்டுல இஞ்சின் இறுகி நின்னிருக்கும்."

மாசானமுத்து வண்டியிலிருந்து இறங்கினார். "என்ன காரியம் பண்ணிட்ட! அதுல போவப்போறது நீயில்லா? என்னையே ஏமாத்திட்டியே!"

"ஏமாத்தணும்னு செய்யல," என்றாள் செண்பகம். "அன்னைக்குப் பாலத்துல அது எரிஞ்சதும் உங்க கையி என்ன ஆட்டம் ஆடுச்சு! ஸ்டியரிங்கை விட்டுட்டு என் மூஞ்சியப் பாத்தீய. எனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்? நீங்க பயந்துபோயி வண்டியே வேண்டாம்னுட்டா எனக்கு மறுபடியும் பஸ்ஸு. அதான் ஒட்டினேன். ஒட்டின பொறவு நல்லாத்தான ஓட்டுனீய?"

நபீசா கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டாள். "அக்கா, ஆஸ்பத்திரியில நர்சு வந்து 'எதும் செய்யுதாம்மா'ன்னு கேக்காங்கல்லா. என்ன சொல்லுவீய?"

"ஒண்ணும் செய்யலம்பேன்."

"ஒண்ணுமே செய்யலயா?"

செண்பகம் கணவனைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"இவுக பக்கத்துல நிப்பாகல்லா," என்றாள்.

மெக்கானிக் வந்து கசிவை அடைத்தான். புது ஆயில் ஊற்றினான். மத்தியானம் நபீசா முன்னால் உட்கார்ந்துகொண்டாள், செண்பகம் பின்னால். சேரன்மகாதேவிவரை ஓட்டிப் பார்க்கலாம் என்றாள் நபீசா.

மாசானமுத்து சாவியைப் பாதி திருகி, எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கிளப்பினார். விளக்குகள் அணைந்தன. வாழைத்தோட்டங்கள் வரத் தொடங்கியதும் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"டீச்சர், இவ இன்னும் என்னென்னத்த மூடி வச்சிருக்காளோ. நான் எப்படிக் கண்டுபிடிக்கது?"

"நீங்க கண்டுபிடிக்க வேண்டாம். அவங்களே சொல்லுவாங்க."

"சொல்ல மாட்டா டீச்சர். நான் உப்பில்லாம ஆக்கிப் போடுறதைக்கூட நல்லாயிருக்குன்னுதான் திங்கா."

"சொல்லுவாங்க. சொல்லும்போது நீங்க பிரேக்கு போடாதீய. திரும்பி அவங்க மூஞ்சியப் பாக்காதீய. ரோட்டைப் பாத்துக்கிட்டே 'ம்' போடுங்க."

வண்டி போய்க்கொண்டிருந்தது. வாய்க்கால் ஒன்று கூடவே வந்து, சாலையை விட்டு விலகிப்போனது.

பின்னாலிருந்து செண்பகம் சொன்னாள். "ராத்திரி படுத்தா ரெண்டு காலும் இழுக்கு."

மாசானமுத்துவின் கால் பிரேக்கின் மேல் போனது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு திரும்பி வந்தது.

"ம்," என்றார்.

"ரெண்டு மாசமா இருக்கு."

"ம்."